ஈரப்பதமும் ஆடு தின்ற புயலும்

ஈரப்பதத்தோடு ஒரே அறையில் இரண்டு வருடம் தங்கியவனுக்குச் சொர்க்கத்தில் இடம் நிச்சயம். நரகத்தை இங்கேயே பார்த்துவிட்டு வந்தவன் என்று வாசலிலேயே சொல்லி உள்ளே விட்டுவிடுவார்கள்.

ஈரப்பதம் என்பது என் அறைத்தோழனுக்கு நாங்கள் வைத்த பெயர். சமயநல்லூர் தாண்டி திண்டுக்கல் ரோட்டில் ஒரு கல்லூரி. அங்கே புவி மற்றும் வளிமண்டல அறிவியல் என்ற எம்.எஸ்சி. படிப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். நான் சேர்ந்தது வேதியியலில் இடம் கிடைக்காததால். அவன் சேர்ந்தது வேண்டுமென்றே. காலையில் எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டுவான். விரல்களை நெளிப்பான். "எழுவத்திரண்டு" என்பான். காற்றில் அத்தனை சதவீதம் ஈரப்பதமாம். மாடியில் இருக்கும் கருவியில் போய்ப் பார்த்தால் ஐம்பத்தைந்து இருக்கும்.

"கருவி தப்பு" என்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவனுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லாததற்குக் காரணம், அவனோடு பழகியவர்களுக்கு அது அவனுடைய பத்தாவது குணமாகத்தான் தெரியும். முதல் ஒன்பதும் பிடிவாதம்.

சேர்ந்த அன்றைக்கு நான் நல்லெண்ணத்தோடுதான் கேட்டேன். "ஏம்ப்பா, இது வானத்தப் பத்தின படிப்பு. பார்க்காம எப்படிப் படிப்ப?"

"காத்து உனக்குத் தெரியுதா?" என்றான்.

"தெரியல."

"எனக்கும் தெரியல. அழுத்தம், சூடு, ஈரம்? எதாச்சும் கண்ணுல படுதா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே கிளாஸுதான் மாப்ள. நடக்கிற வழியில செருப்பக் கழட்டிப் போடாத. அது மட்டும்தான் எனக்கு வேணும்."

அது மட்டும்தான் வேண்டும் என்று அவன் சொன்னது பச்சைப் பொய் என்பது இரண்டு நாளில் தெரிந்தது.

அவனுடைய கைப்பேசி பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படிக்கும். சாதாரண வேகத்தில் படித்தால் அவனுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். அதனால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற வேகத்தில் வைத்திருப்பான். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை எங்கள் அறையில் தாளிப்புதான். காதில் மாட்டிக் கேட்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"காத மூடிக்கிட்டா எங்க அம்மா குடுத்துவிட்ட முறுக்க நீ எடுக்கிறது எப்படிக் கேக்கும்?"

அவன் அம்மா செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். அப்பா விவசாயி. கிணற்றை நம்பியும் பாதி, மழையை நம்பியும் பாதி என்று வெள்ளாமை. மகன் வானிலை படிக்கிறான் என்றதும் அவர் சந்தோஷப்பட்டு, தினமும் காலையில் போன் போட்டு, இன்றைக்கு மழை உண்டா என்று கேட்பார். இவன் தெரியாது என்பான். அவர், "அப்ப நல்லாப் படிப்பா" என்று வைத்துவிடுவார்.

வெப்பமானியைப் படிக்க வேண்டுமே என்று, பேசும் வெப்பமானி ஒன்றை இணையத்தில் வாங்கினான். விலை மலிவு. வந்த பெட்டியைப் பிரித்துப் பொத்தானை அழுத்தினால் அது சீன மொழியில் பேசியது. திருப்பி அனுப்பிவிடு என்றேன். மூளை உள்ள எவனும் அதைத்தான் செய்வான். இவன் சீன எண்களைக் கற்றுக்கொண்டான். வெயில் காலம் முழுக்க எங்கள் மாடியில் அந்தப் பெட்டி "சான்ஷிபா" என்று கத்தும். முப்பத்தெட்டு டிகிரி என்று அர்த்தம். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு சான்ஷிபாவைத் தாண்டிரும் போலயே" என்று பேச ஆரம்பித்தார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரைபடங்கள்தான் என் ஆயுளைக் குறைத்தன. வானிலைப் படத்தில் காற்றழுத்தம் ஒரே அளவாக இருக்கும் ஊர்களைச் சேர்த்து வளைவு வளைவாகக் கோடு போட்டிருப்பார்கள். புயல் இருக்கும் இடத்தில் அந்தக் கோடுகள் சுருள் சுருளாக நெருங்கி நிற்கும். கைப்பேசி அந்தப் பக்கத்துக்கு வந்ததும், "படம்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும்.

"படம்னா என்ன படம்? அதுல என்ன இருக்கு?" என்று கைப்பேசியோடு சண்டை போடுவான். அது பதில் சொல்லாததால் சண்டை என் பக்கம் திரும்பும். கடைசியில் கோடுகளைக் கையால் தடவிப் பார்க்கிற மாதிரி மேடாக்கித் தருவது என் வேலை என்று முடிவானது. முடிவு செய்தது அவன்.

மைதாப் பசையில் மணலைக் குழைத்து, கோட்டின் மேல் கோடாக இழுத்து, காயவைத்தால் நன்றாகத்தான் இருந்தது. அவன் விரல் நுனியால் தடவி, "இங்கன நெருக்கமா இருக்கு, இங்கிட்டு காத்து பலமா அடிக்கும்" என்று வகுப்பில் எவனும் சொல்லாததைச் சொன்னான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் வங்காள விரிகுடாப் புயல் ஒன்றைப் பெரிய தாளில் நாள் முழுக்க உட்கார்ந்து இழைத்து, விடுதியின் பின்பக்கச் சுவரில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சுவரொட்டியை மாடு தின்கிற ஊரில் இதை யோசித்திருக்க வேண்டும். வந்து பார்த்தால், பக்கத்துத் தோட்டத்து ஆடு ஒன்று நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"என்னடா சத்தம்?" என்றான் கூடவே வந்த ஈரப்பதம்.

"புயல ஆடு தின்னுருச்சுடா."

"எம்புட்டு மிச்சம் இருக்கு?"

"ஒடிசா மட்டும் இருக்கு."

மிச்சமிருந்த தாளை விரலால் தடவிப் பார்த்தான். வருத்தப்படுகிறான் போலிருக்கிறது என்று தோளில் கை வைக்கப் போனேன். "சரி, சீக்கிரம் பசை காய்ச்சு. வேப்பெண்ணெயும் கலந்துக்க" என்றான். அன்றிலிருந்து எங்கள் அறையில் தாளிப்புச் சத்தத்தோடு வேப்பெண்ணெய் நாற்றமும் சேர்ந்துகொண்டது.

வெளியே கூட்டிப்போனால் அது வேறு மாதிரி இம்சை. கண் தெரியாதவர்களுக்கு உள்ளுக்குள் ஏதோ தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. வானிலை படிக்கிறான் என்று வேறு தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அவனிடம் பயபக்தியோடு வந்தார். "தம்பி, மருந்தடிக்கணும். இன்னைக்கு மழை உண்டா?"

"எனக்கு ஞானக்கண்ணெல்லாம் கெடையாதுண்ணே. கணக்குப்படி நாப்பது சதவீதம்."

"நாப்பதுன்னா வருமா, வராதா?"

"வரலாம். வராமயும் போகலாம்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதச் சொல்றதுக்கா தம்பி ரெண்டு வருசம் படிக்கிற?"

பஸ் வரும்வரை அவருக்குச் சதவீதம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினான். பஸ் வந்த பிறகும் நடத்தினான். பஸ் போய்விட்டது. அவர் மருந்தடித்தாரா இல்லையா, தெரியாது. நாங்கள் வகுப்புக்கு நடந்து போனோம்.

இரண்டாம் வருடம்தான் உண்மையான சிக்கல் வந்தது. மேகங்களைப் பார்த்து வகை பிரித்துச் சொல்லும் களப்பயிற்சி. அதற்கு ஒரு செய்முறைத் தேர்வு. எங்கள் துறைத்தலைவர் மிகவும் நல்லவர். கெட்டவர்களோடு சண்டை போட்டுவிடலாம், நல்லவர்களோடுதான் கஷ்டம். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எதுக்குப்பா உனக்கு இந்தச் சிரமம்? களப்பயிற்சியிலேருந்து உனக்கு விலக்கு குடுத்துடறேன். பதிலுக்கு மேகங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடு, போதும்" என்றார்.

"விலக்கு வேணாம் சார். களப்பயிற்சி மார்க் இல்லாட்டி ஆராய்ச்சிப் படிப்புக்கு எவனும் எடுக்க மாட்டான்."

"கண்ணு தெரியாத உன்னை மேகத்தைப் பாருன்னு மாடியில நிறுத்தினா நாலு பேர் என்னைத்தானே திட்டுவாங்க?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன், எழுந்து அறைக்கு வந்து படுத்துக்கொண்டான். கைப்பேசியை அணைத்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. எத்தனையோ நாள் நான் வேண்டிக்கொண்ட அமைதி அறை முழுக்க இருந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எந்திரிடா. நாகமலைப் பக்கம் பெரிய மேகம் ஒண்ணு வந்திருக்கு" என்றேன். வெளியே வானம் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது.

"ஓரம் எப்படி இருக்கு?" என்றான், சுவர்ப் பக்கம் திரும்பியபடியே.

"ஓரம்னா... ஓரமாத்தான் இருக்கு."

"பொய் சொல்றதையாச்சும் ஒழுங்காச் சொல்லுடா." எழுந்து உட்கார்ந்தான். "சரி, நாளைலேருந்து நெசமான மேகத்தப் பார்ப்போம். நீ பாரு, நான் கேக்கறேன்."

வலிய வாய்கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் மொட்டைமாடியில் எனக்கு விசாரணை நடந்தது. போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

"என்ன இருக்கு?"

"மேகம். வெள்ளையா இருக்கு."

"வெள்ளைன்னு எங்கிட்டயா சொல்ற? அதவச்சு நான் என்ன பண்ண? ஓரம் எப்படி? கத்தரிச்ச மாதிரியா, பிச்ச மாதிரியா?"

"பிச்ச மாதிரி."

"எதப் பிச்ச மாதிரி?"

எனக்குப் பசி. "புரோட்டாவப் பிச்ச மாதிரி."

"பிச்சுப் போட்டதா, கொத்தினதா?"

"கொத்தினது."

"சால்னா ஊத்தியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அடியில கருப்பு இல்ல. நல்லது."

இப்படித்தான் எங்களுக்குள் ஒரு பாஷை உண்டானது. வானம் முழுக்க மெல்லிசாகப் பரவிக் கிடந்தால் வீச்சுப் புரோட்டா. சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறியிருந்தால் கொத்து. அடி தட்டையாக, மேலே புசுபுசுவென்று உப்பியிருந்தால் பன் புரோட்டா. உயரத்தில் நூல் நூலாக ஓடினால் இடியாப்பம். அவன் ஒவ்வொன்றையும் புத்தகத்தில் இருக்கும் பெயரோடு சேர்த்துவைத்துக்கொண்டான். நான் ஒவ்வொரு விசாரணைக்குப் பிறகும் கடைக்குப் போய்ச் சாப்பிட்டேன். அந்த வருடம் நான் பெருத்ததற்கு அவன்தான் பொறுப்பு.

தயாராகிவிட்டோம் என்று தோன்றியதும் என்னையும் இழுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனான். "சார், வெப்பத்த அளக்க நீங்க வெப்பமானியப் படிக்கிறீங்க. உங்க தோலால அளக்கல. அதே மாதிரி நான் இவனப் படிக்கிறேன். இவன் ஒரு கருவி. கொஞ்சம் மட்டமான கருவிதான், ஆனா எனக்குக் கெடச்சது இதுதான்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதை நினைவில் கொள்ளவும். துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

தேர்வாளர் சித்திரை வெயிலில் விமானத்தில் வந்திறங்கி, வாடகைக் காரில் கல்லூரிக்கு வந்தார். கறாரானவர். விஷயத்தைக் கேட்டதும் என்னைத்தான் சந்தேகப்பட்டார். "இவனும் இதே பாடத்தைப் படிக்கிறவன். விடையைச் சொல்லிக் குடுத்துட மாட்டான்னு என்ன நிச்சயம்?" என் அறிவின் மேல் அவ்வளவு மரியாதை வைத்த முதல் மனிதர் அவர்தான். "பாடமே தெரியாத ஒருத்தர் வேணும். என் டிரைவரைக் கூப்பிடுங்க" என்றார்.

டிரைவர் அவனியாபுரத்துக்காரர். ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் புளியமரத்தடியில் காரை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தவரை மாடிக்கு ஏற்றினார்கள். ஏதோ போலீஸ் விவகாரம் என்று நினைத்துவிட்டார். "சார், நான் ஏர்போர்ட்லேருந்து நேரா வாரேன். வழியில எதையும் பார்க்கல சார்" என்றார்.

ஈரப்பதம் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "அண்ணே, பயப்படாதீங்க. மேல பாருங்க."

"பார்த்தேன் தம்பி."

"என்ன இருக்கு?"

"வானம்."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். எனக்குப் புரோட்டா என்று ஒரு குரல் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. துறைத்தலைவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"வானத்துல மேகம் எம்புட்டு இருக்குண்ணே? இப்படி வச்சுக்கங்க. வானம் ஒரு ஷேர் ஆட்டோ. எட்டு சீட்டு. எத்தன சீட்டு ரொம்பியிருக்கு?"

"ஷேர் ஆட்டோல பன்னெண்டு பேர ஏத்துவாய்ங்க தம்பி."

"சரி, பன்னெண்டுல?"

"ஆறு பேரு இருப்பாய்ங்க."

"அப்ப பாதி. எட்டுல நாலு." மேகத்தின் அளவை எட்டில் இத்தனை பங்கு என்றுதான் எழுத வேண்டும். தேர்வாளர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

"ஒவ்வொருத்தனும் எப்படி இருக்கான்?"

டிரைவருக்கு இப்போது பயம் தெளிந்திருந்தது. "பழைய கார் சீட்டு கிழிஞ்சு பஞ்சு பிதுங்கின மாதிரி இருக்காய்ங்க. அடிப்பக்கம் மட்டும் மட்டமா இருக்கு."

"திரள்மேகம் சார்" என்றான் ஈரப்பதம் சட்டென்று. "அண்ணே, மேக்க நாகமலைப் பக்கம்?"

"அங்கிட்டு ஒருத்தன் ரொம்ப ஒசரமா வளந்து நிக்கிறான் தம்பி. அடியில கன்னங்கரேல்னு இருக்கு. உச்சி மட்டும் விரிஞ்சு கெடக்கு, தலைமேல யாரோ ஏறி உக்காந்து எந்திரிச்ச மாதிரி."

ஈரப்பதத்தின் முகம் மாறியது. "விரிஞ்ச உச்சி எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு?"

"நம்ம பக்கம்தான்."

"இடிமேகம் சார். இங்கிட்டுத்தான் நகருது. எல்லாரும் மாடிய விட்டு இறங்கிருவோம்."

"நிச்சயமா இங்கே வருமா?" என்றார் தேர்வாளர்.

அந்த இடத்தில் எவனாக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான். மார்க் போடுகிறவர் எதிரில் நிற்கிறார். இவன் கொஞ்சம் யோசித்தான். "அறுபது சதவீதம் சார். அதுக்கு மேல சொன்னா பொய்."

இறங்கினோம். இடி இடித்தது, காற்று அடித்தது. எல்லோரும் வராந்தாவில் நின்று மழைக்குக் காத்திருந்தோம். மழை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. புளியமரத்தடியில் கார் குளித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, இப்பத்தான்டா துடைச்சேன்!" என்று டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மழை வரலியேப்பா?" என்றார் தேர்வாளர்.

"மிச்ச நாப்பது நம்ம பக்கம் நிக்குது சார்" என்றான் ஈரப்பதம்.

அந்தக் கறாரான மனிதர் அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணை அவனுக்குப் போட்டார். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மழைச்சாரல் பட்டுவிட்டது என்றார். அடுத்த வருடத்திலிருந்து எல்லா மாணவர்களும், மேகத்துக்கு முதுகு காட்டி நிற்கிற ஒரு கூட்டாளிக்கு வாயால் விவரித்துத்தான் தேர்வு எழுத வேண்டும் என்று விதியையே மாற்றினார். ஜூனியர்கள் இன்றுவரை எங்களைச் சபிக்கிறார்கள்.

அடுத்து என் முறை. தேர்வாளர் உற்சாகமாக இருந்தார். மழை விட்ட வானத்தில் ஒரு மேகத்தைக் காட்டி, "இது என்ன வகை?" என்றார்.

"பன் புரோட்டா சார்" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சரியான பெயரை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றேன். இரண்டு வருடப் படிப்பில் மண்டையில் மிஞ்சியது மெனு கார்டு மட்டும்தான். எனக்கு அரியர் விழுந்தது. ஈரப்பதம் மூன்று நாள் சிரித்தான்.

ஆடி பிறப்பதற்குள் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. மதுரை ரயில் நிலையத்தில் அவன் அப்பா, அம்மா, நான், ஒரு தகர டின் முறுக்கு. யாரோ ஒரு புண்ணியவான் ஓடிவந்து, கேட்காமலே அவன் கையைப் பிடித்து எதிர்ப் பிளாட்பாரத்து ரயிலில் ஏற்றப் பார்த்தார். அவரோடு சண்டை போட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "போயிட்டு வாரேன் மாப்ள. அரியர முடிச்சுருடா, மானத்த வாங்காத" என்றான். வண்டி நகர்ந்ததும் கையை வெளியே நீட்டினான். எனக்கு டாட்டா காட்டினானா, ஈரப்பதம் பார்த்தானா தெரியவில்லை.

அரியருக்காக நான் அதே விடுதியில், அதே அறையில் தொடர்ந்து இருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஒத்தக்கடையிலிருந்து ஒரு புதுப் பையன் வந்தான். தங்கமான பையன். செருப்பை எங்கே போட்டாலும் எதுவும் சொல்ல மாட்டான். காதில் மாட்டிக்கொண்டுதான் பாட்டுக் கேட்பான். என்னிடம் எதையும் கேட்டதில்லை, எதற்கும் எழுப்பியதில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு வார்டனிடம் போய், வேறு அறை வேண்டும் என்றேன்.

"ஏம்ப்பா, அந்தப் பையனோட எதாவது தகராறா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன். "தகராறு பண்ண ஆளே இல்ல சார்."